பின்வாசலில் வைத்த கேமரா

அம்மா தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த லேப்டாப்பை வெளியே எடுத்தேன். என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப். பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டு ஜிபி மெமரி. ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரையில் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு மறதி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறி ஒரகடம் போய்விடுவேன். மனைவி கார்மென்ட்ஸ் வேலை முடிந்து நாலு மணிக்கு வருவாள். நடுவில் அம்மா தனியாக. ஒருநாள் உத்திரமேரூர் ரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். டீக்கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டு, "பெத்தவளப் பாத்துக்க மாட்டியாப்பா?" என்று கேட்டார். எனக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அவருக்கு ஒரு டீ சொல்லியிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

வார லீவில் விண்டோஸை அழித்துவிட்டு, பென்டிரைவிலிருந்து லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். லேப்டாப்பில் ஒயரால் செருகும் சின்னக் கேமரா ஒன்றும் வாங்கினேன். அதை வைத்துக் கண்காணிக்க முதலில் இறக்கிய மென்பொருள் பெரிய பெரிய கட்டடங்களுக்கானது போல. இருந்த மெமரியை ஒரே வாயில் விழுங்கிவிட்டு அசையாமல் படுத்துக்கொண்டது. அதைத் தூக்கிவிட்டுச் சின்னதாக வேறொன்று போட்டேன். அதற்குத் திரையே கிடையாது, ஒரு செட்டிங்ஸ் கோப்பு மட்டும்தான். படத்தைச் சிறிதாக்கினேன். நொடிக்கு இரண்டு படம் போதும் என்றேன். ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவு செய், மூடியை மூடினாலும் தூங்காதே என்று வரி வரியாக எழுதினேன். மூச்சிரைத்தபடி ஓடியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

கேமராவைத் தெருவாசலில் வைத்தேன். ஒரு வாரம் ஆடுகள்தான் வந்தன. எங்கள் காலனி ஆடுகளை முகம் பார்த்தே யார் வீட்டுடையது என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன். எட்டாம் நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"உங்கம்மா ஊர்த் தெருவுல, பெரிய வூட்டுப் பின்னாடி குந்திக்கினு கீறாங்க. கூப்டா வர மாட்டேன்றாங்க."

கேமராவில் அம்மா இல்லவே இல்லை. பின்பக்கமாகப் போயிருக்கிறாள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெரிய வீட்டு நிலத்தில்தான் அம்மா நாற்பது வருஷம் நாற்று நட்டாள், களை பறித்தாள். காலையில் பின்பக்கமாகப் போய், மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று, ஆண்டை குரல் கொடுத்த பிறகு வேலையில் இறங்குவாள். அந்த வீட்டு முன்வாசல் கதவு என்ன நிறம் என்று எங்கள் ஆட்கள் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவன், திருடனுக்கு வைப்பது போல முன்வாசலில் கேமராவை வைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் மெட்ராஸ் போய்விட்டார்கள். பூட்டிய பின்கதவைப் பார்த்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்தைச் சுற்றி வேலி அடைத்தேன். கேமராவைப் பின்வாசலுக்கு மாற்றினேன். அம்மாவால் இனி வெளியே போக முடியாது. ஆனால் தினமும் சாயங்காலம் பதிவுகளைப் பார்க்கும்போது ஒரே காட்சிதான் இருந்தது. பின்கதவு வழியாக வெளியே வருவாள். வேலி ஓரமாக ஒரு சுற்று நடப்பாள். திரும்பி வந்து, திறந்தே கிடக்கும் தன் வீட்டுக் கதவுக்கு நாலு அடி தள்ளி நிற்பாள். உள்ளே போக மாட்டாள். மனைவி வந்து கையைப் பிடிக்கும் வரை வெயிலில் அப்படியே. உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது.

அசைவு தெரிந்தால் பதிவு செய்வதோடு வேறொரு வேலையும் செய்யச் சொல்லலாம் என்று அந்த மென்பொருளில் ஒரு வரி இருந்தது. என் குரலைப் பதிந்து வைத்தேன். "யம்மா, உள்ள வாம்மா, வெயில் சுடுது பாரு." ஓடவிட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. கத்திப் பேசி மறுபடி பதிந்தேன். அந்த ஸ்பீக்கர் விழித்துக்கொள்ளவே அரை நொடி ஆகும், அதற்குள் 'யம்மா' போய்விடுகிறது. சரி போகட்டும் என்று அதை விட்டுவிட்டு, அதட்டலாக, "உள்ள வா! எவ்ளோ நேரம் நிப்ப?" என்று மட்டும் பதிந்தேன். கறாராகச் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன்.

அடுத்த வார லீவில் வீட்டுக்குள் உட்கார்ந்து கவனித்தேன். அம்மா வெளியே போனாள், நடந்தாள், வந்து நின்றாள். லேப்டாப் கத்தியது.

"உள்ள வா! எவ்ளோ நேரம் நிப்ப?"

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"இருக்கட்டுங்க ஆண்டே. நான் இங்கியே நின்னுக்கிறேன்."

என் குரலுக்குத்தான் அந்தப் பதில். ஒன்றரை வருஷமாக மரத்துக் கிடந்தது அப்போது வலித்தது. எழுந்து வெளியே போய் மண்ணில் உட்கார்ந்தேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீயும் இங்கதான் வேலைக்கு வந்துகினு கீறியா நைனா?"

"ஆமாம்மா," என்றேன்.

நாங்கள் அசையும்போதெல்லாம் லேப்டாப் உள்ளிருந்து அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் போகவில்லை.