கூம்புக்குள் நிற்கிறவர்கள்

கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவனுக்கு உலகமே ஒரு கூம்புதான்: உள்ளே இருப்பது தெரியும், வெளியே இருப்பது அடுத்தவர் பாடு. ஏணி ஏறியவர்களுக்கும், பிள்ளைகளைக் கடல் தாண்டி வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது சட்டென்று புரியும்.

கணக்கு எளிது. லென்ஸ்தான் கூம்பின் முனை. அங்கிருந்து கேமரா பார்க்கும் திசையில் ஓர் அம்பு. நமக்கு வேண்டிய இடத்தை நோக்கி இன்னோர் அம்பு. இரண்டையும் ஓரலகு நீளமாக்கிப் புள்ளிப் பெருக்கல் செய்தால், இடைக்கோணத்தின் கொசைன் கிடைக்கும். அது கூம்பின் அரைக்கோணத்துக்குரிய கொசைனைவிடக் குறையாமல் இருந்தால் அந்த இடம் உள்ளே. டொரன்டோவில் கணினி விளையாட்டுகள் எழுதியபோது, ஒளிந்திருக்கும் திருடன் காவலாளி கண்ணில் படுகிறானா என்று பார்க்க இதைத்தான் எழுதினேன். மணவாழ்க்கை முறிந்து காஞ்சிபுரம் திரும்பியபின் இதே கணக்கு சோறு போடுகிறது. மகள் மீரா அங்கேயே அவள் அம்மாவோடு இருக்கிறாள்.

முதுகுப் பக்கம்

ஐயம்பேட்டையில் ஒரு மளிகைக்கடை. வாசலைப் பார்த்து மாட்டிய கேமராவில், பின்னாலிருக்கும் எண்ணெய் டின்களும் தெரியவேண்டும் என்றார் முதலாளி. பெருக்கிப் பார்த்தேன், விடை மைனஸில் வந்தது. மைனஸ் என்றால் கேமராவுக்கு முதுகுப் பக்கம். எவ்வளவு சாய்த்தாலும் நடக்காது, டின்கள் தெரியவேண்டுமானால் வாசலை விட்டுவிட வேண்டியதுதான் என்றேன். கல்லாவில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த தன் மைத்துனரை ஒருமுறை பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: "ஒரு பக்கம்தான் பாக்கும்னா, அதுக்கு என் மச்சானே போதுமேபா!"

தறியில் உட்கார்ந்தவர்

பிள்ளையார்பாளையத்தில் மஞ்சுளாம்மா பட்டு நெய்கிறார். மகன் துபாயில். அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று கேமரா கேட்டான். தறிக்குப் பக்கத்தில் அவரை நிற்கவைத்து அளந்தேன். முகம் அழகாக உள்ளே விழுந்தது. மறுநாளே போன்: "தம்பி, 'தறிதான் இருக்குது, நீ எங்கேம்மா'ன்னு கேக்கறான்."

குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு, தரையளவில் உட்கார்ந்து நெய்கிறவர். உட்கார்ந்ததும் முகம் கூம்பின் கீழ்விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டது. ஏணி பிடிக்கும் ஜான்சன் விடுவாரா? "நின்னுக்கினே நெய்வாங்கன்னு நெனச்சியாணா?" என்று தெருமுனைவரை சிரித்தார்.

கேமராவைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்தால், மஞ்சுளாம்மா புடவை மாற்றி, தலையில் பூ வைத்து உட்கார்ந்திருந்தார். "அவன் எப்பப் பாப்பான்னு தெரியாதேம்மா, நாள் முழுக்க இப்படியேவா?" என்றேன். ஊடுநூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "பாக்காத நேரம் எதுன்னும் தெரியாதில்ல தம்பி."

என் வாசல்

அன்று மாலையே என் வீட்டு வாசலில் ஒரு கேமரா மாட்டி, கடவுச்சொல்லை மீராவுக்கு அனுப்பினேன். அவள் என் போனை எடுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான்.

கூம்பின் நட்டநடுவில், கொசைன் ஏறக்குறைய ஒன்று வரும் இடத்தில், தரையில் சுண்ணாம்பால் குறி போட்டேன். தினமும் காலையில் காப்பியோடு அதன்மேல் நிற்பேன். அங்கே அவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். "இன்னாணா, பஸ்ஸுக்கு நிக்கிற மாரி நிக்கிறே?" என்பார் ஜான்சன். நான் உள்ளே இருக்கிறேனா என்பதைக் கணக்கு சொல்லிவிடும். யாராவது பார்க்கிறார்களா என்பதற்குக் கணக்கு கிடையாது. மழைக்காலம் போய்ப் பனி வந்தது. நின்றேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டார் வெயில் தேடி, சாயம் போட்ட பட்டு நூலை என் வாசலில் கொம்பு கட்டி உலர்த்தியிருந்தார்கள். நான் வழக்கம்போலக் குறிமேல் போய் நின்றேன். காப்பி பாதிகூடக் குடிக்கவில்லை, போன் அதிர்ந்தது. மீரா: "அப்பா, அந்தச் சிவப்பு நூலுக்குப் பின்னாடி நிக்காதீங்க, மூஞ்சி தெரியல."

இப்போதெல்லாம் யார் வீட்டில் கேமரா மாட்டினாலும், கொசைனைச் சரிபார்த்த கையோடு, நூல் எங்கே உலர்த்துவீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.