பூக்காரர் பின்னின நாற்காலி

எனக்குச் சிரிப்பு வந்தா பாதியில நிறுத்தத் தெரியாது. மொதல்ல மூக்குல ஒரு சத்தம் கிளம்பும், பொறவு தொண்டையில, பொறவு தெரு முழுக்கக் கேக்கும். இந்தச் சிரிப்பால என்னைப் பொண்ணு பாக்க வந்த ரெண்டு வீட்டுக்காரங்க, "வீட்டுல போயி கலந்து பேசிட்டுச் சொல்லி விடுதோம்"னு எந்திரிச்சுப் போனாங்க. எங்க தோவாளையில அப்படிச் சொன்னா, சொல்லி விடமாட்டாங்கன்னு அர்த்தம். அதுல ஒரு மாப்பிள்ளைக்கு மீசை பூரா காப்பி நுரை. சிரிக்காம என்ன செய்ய?

சிரிப்பாலதான் இடம் தட்டிப்போகுதுங்கது எங்க அம்மா கட்சி. அப்பா கட்சி வேற. "எம் மவ சிரிப்புக்கு என்ன கொறை? வந்தவங்களைக் கிழிஞ்ச பாயில இருத்தினா எவன் பொண்ணு எடுப்பான்? வீட்டுல ஒரு நாற்காலி வேணும்"பார். அப்பாவுக்குச் சந்தையில பூ வியாபாரம். பிச்சியும் அரளியும் கூடை கூடையா ஏத்தி விடுதவர். உளியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. ஆனா, பூ கட்டுத கைக்கு நார் பின்ன வராமலா போயிரும்னு ஒரு நெனப்பு.

கொல்லையில காத்துக்கு விழுந்த பூவரசு கெடந்தது. அதுல பட்டையைக்கூட சரியா உரிக்காம நாலு கால் வெட்டி, சட்டம் சேத்து, பனநாரை ஊறவச்சு, இருக்கிற எடத்தைக் கட்டம் கட்டமாப் பின்னிட்டார். பின்னல் நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லப்பிடாது. ஈரத்துல பின்னின நாரு நல்லாக் காயணும். காஞ்சாத்தான் இறுகி ஆளைத் தாங்கும். இது ஊருல எல்லாருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனா கை கேக்கணும்லா? பூவைக் கண்டா தண்ணி தெளிச்சே பழகின கை. போகும்போது ஒரு தெளி, வரும்போது ஒரு தெளி. போதாக்குறைக்குப் பூக்கூடையை மூடுத மாதிரி ஈரச் சாக்கைப் போட்டு மூடியும் வச்சார். ஏன்னு கேட்டா, "வாடிரப்பிடாதுல்லா" ங்கார். நாற்காலி வாடுமா? கேட்டியளா இந்தக் கூத்தை! அம்மா தலையில அடிச்சுக்கிட்டா.

மூணாவதா வந்த இடம் கோட்டாத்துல பலசரக்குக் கடை. எனக்கு அந்த இடம் வேணும்னு இருந்தது, ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? கடைக்குப் போனப்போ அவரைப் பாத்திருக்கேன். தராசு சரியா நின்ன பொறவும் ஒரு சிட்டிகை சீனியை அள்ளி மேல போட்டு, "இது எறும்புக்கு"ன்னு சொல்லுவார். அன்னையில இருந்து வேற யாரும் எங் கண்ணுக்கு மாப்பிள்ளையாத் தெரியல. அம்மா காலையிலயே சொல்லிட்டா, "ஏட்டி, இன்னைக்குப் பல்லைக் காட்டின, கொன்னே போட்டிருவேன்." நானும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்துகிட்டேன்.

மாப்பிள்ளையும் அவரோட அம்மாவும் தாய்மாமாவும் வந்தாங்க. அந்த அம்மாவையும் மாமாவையும் பக்கத்து வீட்டுல இரவல் வாங்கின பெஞ்சுல இருத்திட்டு, அப்பா அந்தச் சாக்கை உருவி, "இதுல இருங்க மாப்ளே, நானே பண்ணினது"ன்னார். அவரும் நம்பி இருந்தார்.

நான் அடுக்களைக் கதவு இடுக்குல நின்னு பாத்துகிட்டே இருக்கேன். அப்பா பிச்சி வெலையைப் பத்திப் பேசப் பேச, மாப்பிள்ளை கொஞ்சம் கொஞ்சமா இறங்குதார். முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டோட நான் போகும்போது, முட்டு ரெண்டும் காதுக்குப் பக்கத்துல நிக்கி, நடுவுல முகம் மட்டும் இருக்கு. அது முன்ன மாதிரியே மரியாதையா என்னைப் பாக்குது. முந்திரிக்கொத்துக்குக் கையை நீட்டினார், எட்டல. நாற்காலிக்கு அடியில தண்ணி வேற சொட்டு சொட்டா விழுது.

உதட்டைக் கடிச்சேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்தது. அவரோட அம்மா பாத்துட்டா. "பொண்ணு ஏன் அழுதா?"

"ரொம்பப் பயந்த பிள்ள"ன்னா எங்க அம்மா. "சத்தமே வராது."

பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு அந்த அம்மாவுக்குத் தோணிச்சோ என்னமோ, என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு எந்திரிச்சா. "சரி, அப்ப வீட்டுல போயி கலந்து பேசிட்டு..."ன்னு தொடங்கினா. சிரிக்கவும் இல்லியே, இதுவும் போச்சேன்னு இருந்தது. மாமாவும் எந்திரிச்சார். மாப்பிள்ளை மட்டும் எந்திரிக்கல.

"வா மக்கா, போவோம்."

"முடியல்லம்மா."

மாமா ஒரு கையைப் பிடிச்சார், அப்பா மறு கையைப் பிடிச்சார். இழுத்தா, நாற்காலியும் கூடவே எந்திரிச்சு வருது! "மெல்ல, மெல்ல, பின்னல் பிஞ்சிரும்"னு அப்பாவுக்கு அந்தக் கவலை. எங்க அம்மாவுக்கு அடக்கம் ஒடுக்கமெல்லாம் மறந்து போச்சு. "ஏட்டி, என்ன பாத்துட்டு நிக்க? நாற்காலியைப் பிடிச்சு இழு!"

தட்டை வச்சுட்டு ஒரு இழு இழுத்தேன். அவர் அந்தப் பக்கம் மாமா மேல விழுந்தார், நான் நாற்காலியோட இந்தப் பக்கம் விழுந்தேன். அவர் எந்திரிச்சுத் திரும்பினா, வெள்ளை வேட்டியில பின்பக்கம் பூரா ஈர நார்க்கறை, கட்டம் கட்டமா.

"பின்னல் எவ்வளவு திருத்தமா விழுந்திருக்கு பாத்தியளா?"ன்னார் எங்க அப்பா.

அவ்வளவுதான். நான் சிரிச்சுட்டேன். மூக்குல தொடங்கித் தெருவரைக்கும் போச்சு. அடக்கி வச்ச எல்லாம் சேந்து வருது. அம்மா முகத்தை மூடிக்கிட்டு அப்படியே குத்தவச்சுட்டா. அவரோ வேட்டியைப் பாக்கணும்னு தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தினார், தெரியல, மறுபடியும் சுத்தினார். பொறவு அவரும் சிரிச்சார்.

"அம்மா, ஒண்ணும் சொல்லி விட வேண்டாம்"ன்னார். "இப்பவே சொல்லிரு."

அந்த அம்மா மகனைப் பாத்தா, வேட்டியைப் பாத்தா, தரையில கெடந்து சிரிக்கிற என்னையும் பாத்தா. ஒரு பெருமூச்சு விட்டுட்டு அப்பாகிட்ட சொன்னா, "சீரு ஒங்க இஷ்டம் போல செய்யுங்கோ. அந்த நாற்காலி மட்டும் எங்க வீட்டுக்கு வரப்பிடாது."

அப்பாவுக்கு முகம் தொங்கிப் போச்சு. நாற்காலியைத் தூக்கி நிமித்தி வச்சு, சொம்புல இருந்து ஒரு கை தண்ணி அள்ளித் தெளிச்சார். நான் இன்னொரு தடவை தொடங்கினேன். இந்தத் தடவை அம்மா என்னை நிறுத்தச் சொல்லல.