தசரதனின் பம்பர் சீட்டு

மதியம் மூன்றரை மணிக்கு தசரதனின் போன் அடித்தது. அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துபோன மறுநாள் அது. அடி அண்ணாமலை கிராமத்து வீட்டில் அந்தப் போனை அணைத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர் மனைவி சரோஜாதான் மறக்காமல் சார்ஜ் போட்டு வந்தாள். திரையில் ‘வாளையார் கடை’ என்றிருந்தது.

“தசரதன் அண்ணன் உண்டோ?”

“அவரு வெளிய போயிருக்காருங்க.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. இத்தனை நாளும் வந்த போன்களெல்லாம் துக்கம் விசாரித்தவை. அவர் இருக்கிறாரா என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அவரைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் அது ஒன்றுதான். வாய் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டது.

தசரதன் அப்படிப்பட்ட ஆள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறியவர், பிறகு இறங்கவே இல்லை. சொந்தமாக ஒரு வேன் வாங்கியதும் குருவாயூர், சபரிமலை என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும், “எப்படி இருந்துச்சு?” என்று சரோஜா கேட்பாள். “ரோடு நல்லா இருந்துச்சு” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

அதனால் கேரள எல்லையில் ஒரு லாட்டரிக் கடைக்காரர் அவரை அண்ணன் என்று கூப்பிடுவார் என்பதே அவளுக்குப் புதுச்செய்தி.

“ஓணம் பம்பர் இன்னிக்குக் குலுக்கியாச்சு சேச்சி. அண்ணன் எடுத்த நம்பரைக் குறிச்சு வெச்சிருந்தேன், கடைசி நாலு நம்பர் ஒத்து ஐயாயிரம் விழுந்திருக்கு. வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க.”

வேனில் டிரைவர் தலைக்குமேல் வெயில் மறைப்பில், டோல்கேட் ரசீதுகளோடு ரசீதாக அந்தச் சீட்டு செருகியிருந்தது. விலை ஐநூறு. டயர் பஞ்சர் என்று சொல்லிப் போன மாதம் அவர் வாங்கிக்கொண்டு போன ஐநூறு அவளுக்கு ஞாபகம் வந்தது.

“நல்ல பஞ்சரு” என்றாள், யாரும் இல்லாத வேனுக்குள்.

சாயங்காலம் கொழுந்தன் மாறன் வந்தான். சீட்டைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். “லாட்டரிய இங்க தடை பண்ணி எவ்ளோ வருஷம் ஆச்சு அண்ணி! போலீஸ் வந்தா நீங்களும் நானும்தான் உள்ள போவணும்.”

மகள் எழிலரசி போனில் துழாவிக்கொண்டே சொன்னாள்: “விக்கறதுதான் தடை சித்தப்பா. அங்க வாங்கின சீட்டுக்கு அங்க போய்ப் பணம் வாங்கறதுல என்னா இருக்கு? கதவத் தெற, வேர்க்குது.”

“போட்டோ, பான் கார்டு, ஆபீசர் கையெழுத்து எல்லாம் கேப்பாங்களாமே?” என்றான் மாறன்.

“அதெல்லாம் பெரிய பரிசுக்கு. ஐயாயிரம் வரைக்கும் லாட்டரிக் கடையிலயே குடுப்பாங்க. முப்பது நாளுக்குள்ள சீட்டக் குடுக்கணும், அவ்ளோதான்.”

சரோஜாவுக்கு வேறொரு சந்தேகம். “கடைசி நாலு நம்பர் ஒத்துப்போனா போதும்னா, அதே நாலு நம்பர் எத்தினி சீட்டுல இருக்கும்?”

“நெறைய இருக்கும்மா. அத்தினி பேருக்கும் ஐயாயிரம்.”

அப்படியென்றால் இது அவருக்கென்று விழுந்ததா, கூட்டத்தோடு கூட்டமாக விழுந்ததா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் ஜாஸ்தியானது. பேசாமல் எழுந்துபோய் மஞ்சளைக் குழைத்துச் சீட்டின் நான்கு மூலைகளிலும் தொட்டு வைத்தாள். கல்யாணப் பத்திரிகை, புதுத் துணி, எதுவானாலும் அவள் கை அப்படித்தான் போகும்.

எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். “சீட்டுல கறை இருந்தா வாங்கமாட்டாங்கம்மா!”

“சாமி படத்துகிட்ட வெக்கறத வெறுமனயா வெப்பாங்க?”

இன்னொரு சிக்கலும் இருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் பெயர், விலாசம், கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். தசரதன் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும். எழுதாததால், யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் போதுமாம். வெள்ளிக்கிழமை மாறன் அந்தப் பக்கம் சவாரி போகிறான், கொடுத்துவிடலாம்.

“உன் பேரு எழுதும்மா” என்றாள் எழிலரசி.

சரோஜா எழுதவில்லை. அவள் பெயரைப் பார்த்தால் கடைக்காரர் கேட்பாரே, அண்ணன் ஏன் எழுதவில்லை என்று. இறந்தது அவருக்கும் தெரிந்துவிட்டால், தசரதன் வெறுமனே வெளியே போயிருக்கிற இடம் இந்த உலகத்தில் ஒன்றுகூட மிச்சமிருக்காது.

கடைக்காரர் மறுபடி கூப்பிட்டார். “தூங்கறாருங்க” என்றாள். அதற்கடுத்த முறை, “குளிக்கறாருங்க.”

அடுப்படியிலிருந்து எழிலரசி எட்டிப் பார்த்தாள். “யாரும்மா குளிக்கறாங்க?”

சரோஜா போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

வியாழக்கிழமை வந்த போனில் கடைக்காரரின் குரல் இறங்கியிருந்தது. “அண்ணனுக்கு என் மேல கோபமா சேச்சி? போன தடவை கடையில கூட்டம், டீ குடிங்கன்னுகூடச் சொல்லல. அதனாலதான் பேசமாட்டேங்கறாரா?”

யார் மேலும் இரண்டு நிமிஷம் கோபத்தை வைத்திருக்கத் தெரியாத மனுஷன். அவள் சொன்ன பொய்யால் அவருக்குக் கெட்ட பேர்.

“அப்படி எல்லாம் இல்லீங்க. அவருக்குக் கோவமே வராதுங்க.” போனை மறு காதுக்கு மாற்றினாள். “அவரு தவறிட்டாருங்க. நெஞ்சு வலி. நான்தான் உங்ககிட்ட மாத்தி மாத்திச் சொல்லிட்டேன்.”

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவர், “என் கடைக்கு வந்தா உங்களப் பத்திதான் பேச்சு சேச்சி” என்றார். “வேன்ல பாட்டு போட்டா வீட்ல திட்டுவாங்கன்னு சிரிப்பார்.”

“நான் எங்கங்க திட்டினேன்?” என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே மஞ்சளைப் பற்றியும் சொன்னாள்.

“நம்பர் தெளிவா இருந்தா போதும். அங்கிருந்து வர்ற சீட்டுல பாதி மஞ்சளோடதான் வரும். உங்க பேரு எழுதிக் குடுத்து விடுங்க.”

மறுநாள் காலை மாறன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சரோஜா தன் பெயரை எழுதினாள். அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். விலாசமும் எழுதினாள். வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் பின்கோடு எழுதுவது தசரதன்தான். அவளுக்கு அது தெரியாது. கேட்கலாமென்றால் எழிலரசி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பின்கோடுக்கான ஆறு கட்டங்களும் காலியாகவே சீட்டு வாளையாருக்குப் போனது.