இராமலிங்கம் பாதியில் நிறுத்திய பேர்க்கதை

திருவூடல் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த இராமலிங்கம் எனக்குக் கொழுந்தனார் முறை. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். மருந்துக் கம்பெனி ஆட்கள் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, இந்த மருந்துக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று குடைவார். கேட்டதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் விடமாட்டார். காய்ச்சலோடு நிற்கிறவன் கத்துவான்: "அண்ணே, மாத்திரைக்கு ஜாதகம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல மாத்திரையக் குடு!"

என் அக்கா மகள் பச்சையம்மாளைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தோம். அவளுடைய மூத்த பிள்ளை வேணு மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். புகுந்த வீட்டு வழக்கப்படி, புதைத்த இடத்தில் தலைமாட்டில் சுடுகாட்டு மல்லி நட்டார்கள். அந்த ஊதாப் பூவை அவர்கள் வீட்டில் யாரும் கையால் தொடமாட்டார்கள்.

தொண்ணூற்றேழில் இளையவள் எழிலுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஏழு வயசு. வாரம் ஓர் ஊசி. கொழுந்தனார் கடை பிரிட்ஜில் இருக்கும் மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு, மகளோடு டாக்டரிடம் போவாள் பச்சையம்மாள். இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வாரம் கொழுந்தனாருக்கு நாக்கு நிற்கவில்லை.

"வின்கிரிஸ்டின்னு ஏன் பேரு தெரியுமா பச்ச? வின்கான்னு ஒரு செடி. வேற ஒண்ணும் இல்ல, நம்ம சுடுகாட்டு மல்லிதான்!"

பச்சையம்மாள் பிளாஸ்கை மேசைமேலேயே வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கொழுந்தனார் என் வீட்டில் வந்து நின்றார். "என் வாயால கெட்டுது அண்ணி. நீங்களும் வாங்க." போனோம். பச்சையம்மாளின் நாத்தனார் ஆராயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"செத்த புள்ள மேல மொளச்சத உசுரோட இருக்கறதுக்கு ஏத்துவீங்களா? நல்லா இருக்குதுய்யா உங்க வைத்தியம்!"

கொழுந்தனார் அவளிடம் வாதாடவில்லை. பச்சையம்மாளிடம்தான் பேசினார். "தப்பு என்னுது. பாதியில நிறுத்திட்டேன். வின்கான்னா லத்தீன்ல கட்டுறதுன்னு அர்த்தமாம். அவங்க ஊர்ல அந்த ஜாதிச் செடி கொடியாப் படரும், மாலை கட்டுவாங்களாம். பூவ அப்படியே தின்னா விஷம். அதுல இருக்கறதப் பிரிச்சு எடுத்து மருந்தாக்கியிருக்காங்க. ஊசி தவறக்கூடாதும்மா."

"வேணுகிட்ட இருக்கற அதே செடிதானா, சித்தப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அதேதாம்மா" என்றார்.

பச்சையம்மாள் எழுந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டாள். அதோடு சுடுகாட்டுப் பக்கம் நடந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆராயி கத்தக் கத்த அவள் போனாள்; பின்னாலேயே நானும் போனேன். செடி முழங்கால் உயரம் வளர்ந்து பூத்துக் கிடந்தது. தண்ணீரை ஊற்றினாள்.

"வேணு, தங்கச்சிக்கு உன் பூ வேணுமாம். குடுக்கறியாடா?"

என் பக்கம் திரும்பினாள். "குடுப்பான் சித்தி. கையில இருக்கற முறுக்கக் கேட்டாகூட குடுத்துடுவான்."

மதிய பஸ்ஸில் எழிலோடு புறப்பட்டாள்.

வைத்தியம் மூன்று வருஷம் நடந்தது. எழிலுக்கு முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. இப்போது டவுனை ஒட்டி வேங்கிக்காலில் வீடு கட்டி வந்துவிட்டார்கள். வாசலில் அந்த ஊதாப் பூதான். ஆராயி வந்தால் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறாள்.

கொழுந்தனார் அதற்கப்புறம் எல்லோரையும் முதலில் கேட்பார்: "மருந்து மட்டுமா, பேர்க்கதையும் வேணுமா?" காலேஜில் சேர்ந்த வருஷம் எழில், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். அவளிடமும் கேட்டார்.

"ரெண்டும் குடு தாத்தா. பாதியில நிறுத்தாத" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.