சோப்புப் போடாமல் இறங்காதே

ரெய்க்யாவிக் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஸ்வாவாவின் வாய்க்குத் தப்பியவர்கள் குறைவு. டவுன் பஸ் ஓட்டுகிறவள். வேலைக்குப் போகுமுன், விடியாத இருட்டிலேயே நகராட்சி நீச்சல் குளத்துக்கு வந்துவிடுவாள். பனி கொட்டினாலும் சரி, காற்று ஆளைத் தள்ளினாலும் சரி. பூமிக்கடியிலிருந்து சுடச்சுடத் தண்ணீர் ஏறி வரும்போது வீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

குளத்துச் சட்டம் ஒன்றுதான். பொதுக் குளியலறையில் உடம்பில் துணியில்லாமல், சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தண்ணீரில் கால் வைக்கலாம். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சிவப்பு அடையாளம் போட்ட படம் சுவரில் இருக்கிறது. வெளிநாட்டுப் பெண்கள் நீச்சலுடையோடு நழுவப் பார்த்தால், காவலுக்கு நிற்கும் ட்ரீஃபா வாய் திறக்குமுன் ஸ்வாவா ஆரம்பித்துவிடுவாள்.

"ஏம்மா, எங்க ஓடுற? படத்தப் பாரு! எங்களுக்கு இருக்கிறதுதான் உனக்கும் இருக்கு!"

கூச்சப்படுகிறவர்களுக்காக மூலையில் ஒரு திரை உண்டு. வெளிநாட்டுக்காரிகள் மட்டுமே அதற்குள் போவார்கள் என்பதால் அதற்கு அவள் வைத்த பெயர் விமான நிலையம். அந்தப் பெயர் நிலைத்தும் விட்டது.

இலையுதிர் காலத்தில் அவளுடைய இடது மார்பைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியது, பஸ்ஸுக்கும் திரும்பினாள். குளத்துக்கு மட்டும் போகவில்லை. வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து வம்பளக்காத காலை அவளுக்குக் காலையாகவே இல்லை. ஆனால் தான் கத்திய அந்த வார்த்தை தன் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் இருப்பது இப்போது அவளுக்கு இல்லை. திரைக்குப் பின்னால் போவதைவிடச் சாவதே மேல்.

ஜனவரியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கிளம்பினாள். வீட்டிலேயே நீச்சலுடையைப் போட்டு, மேலே சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள். சீருடையைக் கழற்றிவிட்டு, குளியலறையில் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த இரக்கம் அவளைச் சுட்டது. ட்ரீஃபாவும் இப்படித் திரும்பிக்கொண்டால் இனி இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

ட்ரீஃபா திரும்பிக்கொள்ளவில்லை. துடைப்பக் கம்பால் படத்தைத் தட்டினாள்.

"ஸ்வாவா! எங்கடி ஓடுற?"

"உனக்குத் தெரியும்ல."

"தெரியும். அதுக்காக அழுக்கோட இறங்குவியா? கழட்டு."

"என் பஸ்ல ஏறுவல்ல, அப்ப பாத்துக்குறேன் உன்ன."

"ஏறுறப்போ பாத்துக்கலாம். இப்ப சோப்பு போடு."

ஸ்வாவாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே நீச்சலுடையைக் கழற்றி எறிந்தாள். நெஞ்சில் குறுக்கே ஓடிய தழும்பின் மேல் வெந்நீர் விழுந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த சோல்வெய்க் கிழவி தழும்பை நேராகவே பார்த்தாள்.

"நல்லா தச்சிருக்கான். என் இடுப்ப தச்சவன் குடிகாரன் போல. அந்த ஷாம்பூவ இப்படித் தா."

ஸ்வாவா தந்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது. அங்கே எல்லார் முகமும் நனைந்துதான் இருந்தது.

நீச்சலுடையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வெளியே பனித்தூறலில் ஓடிப்போய் வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். சாலையில் பனி தள்ளாத நகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்த, தொட்டியில் அவளுடைய பழைய வம்புக் கூட்டாளியான பால்டுர், அவளைக் கண்டதும் முனகிக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"வந்துட்டாளா? போச்சு, இனி நம்மள யாரு பேச விடுவா?"

வாழ்நாளில் எத்தனையோ பேரை ஸ்வாவா விரட்டியிருக்கிறாள். அன்று தன்னை விரட்டியவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ட்ரீஃபா காய்ந்த தரையையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை நின்று, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வேலைக்குக் கிளம்பும்போது ஸ்வாவா அவளருகே நின்றாள்.

"நீ விட்டிருந்தா நாளைக்கு வந்திருக்க மாட்டேன்டி."

"தெரியும்," என்றாள் ட்ரீஃபா. "நாளைக்கு சோப்ப மறக்காம எடுத்துட்டு வா."