அண்ணனுக்குக் குட்டையான அங்கி

என் அண்ணன் மூன்று வருடப் படிப்பை எட்டு வருடத்தில் முடித்தான். நான் மூன்றே வருடத்தில் முடித்தேன். இப்படிப் பெருமையாக ஆரம்பிக்கிற என் புத்திதான் இந்தக் கதையில் இருக்கிற கோளாறே.

அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். அதே கல்லூரி, அதே புள்ளியியல். கடைசி வருடம் முடிந்தபோது அவனுக்கு நான்கு பாடங்கள் அரியர். வீட்டில் பாஸ் என்று சொல்லிவிட்டான். பட்டமளிப்பு விழாவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "அந்தக் கூட்டத்துல யாருப்பா நிக்கறது?" என்று ஒரு சாக்கு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்.

குட்டு எனக்கு மட்டும் தெரியும். தேர்வு அறையில் எனக்கு மூன்று பெஞ்சு தள்ளித்தான் அவன் உட்கார்ந்து எழுதுவான். என் தோழிகள் அவனுக்குத் 'தாத்தா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவன் என் அண்ணன் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, கூடச் சேர்ந்து சிரித்தேன்.

என் பட்டமளிப்பு விழா முடிந்ததும் வீட்டோடு ஸ்டுடியோவுக்குப் போனோம். வாடகை அங்கியோடு என்னைப் படம் எடுத்து முடித்ததும் அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீயும் போட்டுக்கடா. உனக்குத்தான் படமே இல்லையே."

"வேணாம்ப்பா."

"அட, வெக்கத்தப் பாரு! தங்கச்சி போட்டதுதானே, ஒண்ணும் தேஞ்சிடாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லித் தப்பிக்க வை என்கிற பார்வை. அங்கியை உடனே திருப்பிக் கொடுக்கணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கோ எரிச்சல். என்னுடைய நாளில்கூட இவனுக்கு ஒரு பங்கா? நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று நானே கழற்றி அவனுக்குப் போட்டு, கழுத்துக் கொக்கியையும் மாட்டிவிட்டேன். அங்கியின் கை அவன் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஸ்டுடியோக்காரர் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி, ரிப்பன் கட்டி அவன் கையில் கொடுத்தார். அவன் நிமிரவே இல்லை. நாலு தடவை அதட்டித்தான் படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தை அப்பா தன் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். எந்தக் கட்டடத்தில் பெட்டியைத் திறந்தாலும் யாராவது கேட்பார்களாம். "என் பையன். பட்டதாரி" என்பாராம். அதையும் சாப்பிடும்போது வந்து சொல்வார். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டான்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினான். "எல்லாப் பேப்பரும் முடிஞ்சிடுச்சு. பாஸ்" என்று திருட்டை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி கிசுகிசுத்தான். யாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியாத பாஸ். நான் 'ம்' என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டேன்.

பட்டத்தை நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருந்தான். அதுவோ தபாலில் வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்கு விடுமுறை. ஸ்க்ரூடிரைவரால் உறையைக் கிழித்து, பேரைப் படித்துச் சிரித்தார். பிறகு வருடத்தைப் படித்தார். எழுந்து போய்க் கருவிப் பெட்டியைத் தூக்கி வந்து, மூடியைத் திறந்து, படத்தையும் பட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பயந்துட்டேன்ப்பா" என்றான் அண்ணன்.

"எட்டு வருஷம் விடாம எழுதியிருக்கியேடா. அதச் சொல்லியிருந்தா அதையும்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருப்பேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

அப்பா அதையும் நம்பிவிட்டார். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.