ஏரிக்காரர் பார்த்த கடல் காற்று

அடி அண்ணாமலையில் காலையில் எழுந்ததும் அவரவர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். சகாதேவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்போனை எடுப்பார். கோவளத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு குப்பத்தின் கடலில் இன்றைக்கு அலை எத்தனை உயரம், காற்று எந்தத் திசை என்று பார்ப்பார். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்காக யாரோ செய்துவைத்த ஆப் அது. கேட்டால் சிரிப்புத்தான் வரும். அரை நாள் பஸ்ஸில் போக வேண்டிய கடலில் அலை அடித்தால் இந்த மனுஷனுக்கு என்ன, அடிக்காவிட்டால் என்ன? டீக்கடையில் ஆரம்பத்தில் சிரிக்கவும் செய்தார்கள். “இன்னா சகாதேவா, இன்னிக்கு அலை ஜாஸ்தியா கம்மியா?” என்று சீண்டினார்கள். விஷயம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கடலில்தான் அவருடைய ஒரே பிள்ளை அறிவுச்செல்வன் ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒருநாள் காலையில் இறங்கினான். சாயங்காலம் பலகை மட்டும் கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

சகாதேவன் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. அப்பா பார்த்த வேலை, அவருக்கு வந்தது. ஏரி எப்போது நிரம்பிக் கோடி போகும், கரையில் எந்த இடத்தில் ஊற்றெடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் அவரை ஏரிக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு வருஷம், குளிக்க இறங்கிய ஒரு ஆள் ஏரியில் முழுகிப்போனான். தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டு, வலை போட்டுப் பார்த்துக் களைத்துப்போனார்கள். சகாதேவன் கரையில் நின்று துண்டை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “எதுக்கு அலையறீங்க? காத்து மேக்கேருந்து அடிக்குது. கிழக்குக் கரையில போயி உக்காருங்க, தானா வருவான்.” அப்படியே வந்தான். அதிலிருந்து சுற்றுப்பட்டில் எந்த ஏரியில் யார் விழுந்தாலும் இவரைக் கூட்டிப்போக பைக் வந்துவிடும். ஒருமுறைகூட அவர் வாக்குப் பொய்க்கவில்லை. ஒருமுறையாவது பொய்த்திருக்கலாம். அந்த மனுஷனுக்குத் தன் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும்.

அறிவுச்செல்வன் படித்துவிட்டு வேலை தேடிக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனவன். அங்கே அலைமேல் பலகையில் நின்று போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறான். ஒரே வருஷத்தில் ஹோட்டலை விட்டான், சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சேர்ந்தான். சகாதேவன் தாம்தூமென்று குதித்தார். “பலக மேல நிக்கறதெல்லாம் ஒரு பொழப்பாடா?” பையன் சிரித்துக்கொண்டே அவர் போனை வாங்கி இந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்தான்.

“இதோ பாருப்பா. இந்த அம்பு காத்து. இது அலை, நல்லா இருந்தா பச்சையாவும். பச்சையா இருந்தா நான் தண்ணியில இருக்கேன்னு அர்த்தம், போன் எடுக்க மாட்டேன். நீ பாட்டுக்குப் பயந்துக்காத.”

அதிலிருந்து பச்சையைப் பார்த்தால் சகாதேவன் போன் செய்வதில்லை. மனைவி வள்ளியிடம், “உம்புள்ள தண்ணியில இருக்கான்” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போவார். அன்றைக்கும் பச்சைதான் இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸ் தேடியது, குப்பத்துக்காரர்கள் படகை இறக்கித் தேடினார்கள். சகாதேவன் கரையிலேயே கிடந்தார். பலகையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் வால் பக்கம் ஒரு ரப்பர் கயிறு பாதியில் அறுந்து தொங்கியது. தூக்கிக்கொண்டு போகிற கயிறு போலிருக்கிறது என்று நினைத்தாரே தவிர, அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. பலகை இந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறது. அப்படியானால் பையனும் இந்தக் கரைக்குத்தான் வருவான். ஏரியில் செருப்பு ஒதுங்கிய இடத்தில்தானே ஆளும் ஒதுங்குவான்?

எங்கேயாவது உடல் கிடைத்தது என்றால் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தார்கள். முதலில் காட்டியது ஒரு கிழவர். அடுத்தது யாரோ ஒரு வடநாட்டுக்காரன். பிணவறையிலிருந்து வெளியே வந்த வள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “இனிமே என்னை இதுக்கெல்லாம் கூப்பிடாதீங்க. என்னால ஆவாது” என்றாள். சகாதேவன் அவளை ஊருக்குக் கூட்டிவந்து விட்டார்.

அதற்கு மறுநாள் வந்தது அந்தப் போன். தெற்கே, வேறு மாவட்டத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு ஏட்டு பேசினார்.

“இங்க ஒரு பாடி ஒதுங்கியிருக்குங்க. முகம் அடையாளம் தெரியல. வயசுப் பையன் மாதிரிதான் இருக்கு. கால்ல கறுப்பா ஒரு பட்டை கட்டியிருக்கு. வந்து பாக்கறீங்களா?”

“எம்புள்ளைக்குக் கால்ல கறுப்புக் கயிறு கட்டற பழக்கம் இல்லைங்க” என்றார் சகாதேவன். பேசிக்கொண்டே ஆப்பைத் திறந்து பார்த்தார். அம்பு தெற்கிலிருந்து வடக்கே காட்டியது. ஒரு வாரமாகவே அப்படித்தான் காட்டியது. “அதுவும் இல்லாம, காத்து தெக்கேருந்து அடிக்குது சார். காத்துக்கு எதிர எம்புள்ள எப்படி அங்க வருவான்? அது எங்க புள்ள இல்லைங்க.”

“காத்தா?” என்றார் ஏட்டு, ஒன்றும் புரியாமல். பிறகு, “சரி, உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டார்.

அந்தப் போனைப் பற்றி சகாதேவன் வள்ளியிடம் மூச்சுவிடவில்லை. இன்னொரு தரம் அவள் மனசை ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். என்ன செய்வது, நல்ல எண்ணத்தால்தான் பாவி மனுஷன் மோசம்போனார்.

பிறகு அடைமழை பிடித்தது. ஆப்பில் எல்லாம் சிவப்பு, காற்று கண்டபடி அடித்தது. மழை விட்டதும் சகாதேவன் அடிக்கடி பஸ் ஏறினார். காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற நாளாகப் பார்த்துப் போவார். அலையில் விளையாடுகிறவர்களுக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் கொண்டாட்டம், அலை மழமழவென்று நிற்கும். அந்த நாட்களில் இவருக்கு வயிறு எரியும். பையனை உள்ளே தள்ளிக்கொண்டு போகிற காற்று அல்லவா அது! குப்பத்து ஆட்கள் கண்ணில் படாமல் தள்ளி ஒரு சவுக்குத் தோப்போரம் உட்காருவார், இருட்டுகிற வரை பார்ப்பார், திரும்பிவருவார். பையில் ஒரு புது வேட்டி எப்போதும் இருக்கும். எதற்கு என்று வள்ளிக்குத் தெரியும். கேட்க மாட்டாள்.

தை போய் மாசி வந்தது. வள்ளியின் அண்ணன் பலராமன் வந்து உட்கார்ந்தான்.

“மாப்ளே, எத்தினி நாளைக்கு இப்படியே இருப்பீங்க? உடம்பு கெடைக்கலன்னா தர்ப்பையில ஆள் மாதிரி செஞ்சு, அதுக்குக் கொள்ளி வெச்சு காரியம் பண்றது வழக்கம்தானே? இல்லாட்டி அவன் அலைஞ்சுக்கினே இருப்பான்.”

“உசுரோட இருந்தவன புல்லுன்னு சொல்லிக் கொளுத்தச் சொல்றியா?” சகாதேவன் துண்டை உதறித் தோளில் போட்டார். “எழுந்து போ மச்சான். மரியாதையாச் சொல்றேன்.”

பலராமன் போகவில்லை. வள்ளிதான் பேசினாள், மெதுவாக.

“மாசி மகத்துக்கு நம்ம அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டு போயி, புள்ளையில்லாத ராஜாவுக்குப் புள்ளையா நின்னு திதி குடுக்கறாரு. நம்ம புள்ளைக்கு நாம குடுக்கக் கூடாதா? அன்னிக்கே அங்க ஆத்தங்கரையில செஞ்சுடலாங்க. எனக்கும் தாங்கல.”

சகாதேவன் போனை எடுத்தார். மாசி மகத்தன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று தள்ளித்தள்ளிப் பார்த்தார். காலையிலிருந்து இருட்டுகிற வரை அம்பு கடலிலிருந்து கரைக்கே. பௌர்ணமி வேறு, கடல் ஏறி வரும். இத்தனை மாதத்தில் இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

“அன்னிக்கு வருவான் வள்ளி” என்றார். “எலும்பா வந்தாலும் வருவான். எனக்கு இந்த ஒரு நாள் குடு. வரலன்னா உங்க அண்ணன் சொல்றபடியே செஞ்சுடலாம்.”

வள்ளி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை செத்து வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் எந்த ஏரியிலும் வாக்குத் தப்பாத மனுஷன் சொல்கிறார். “சரி, போயிட்டு வாங்க” என்றாள். அண்ணனிடம், “அவரு வர்ற வரைக்கும் யாரும் எதுவும் செய்யக் கூடாது” என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மாசி மகத்தன்று குப்பமே அமர்க்களப்பட்டது. சுற்றூர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்திருந்தன. மேளச் சத்தம் காதைத் துளைத்தது. சவுக்குத் தோப்போரம் கூட்டம் அடைத்துக்கொண்டதால் சகாதேவன் அந்தத் தேடலுக்குப் பிறகு முதல் முறையாக சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிற இடத்துப் பக்கம் போய் மணலில் உட்கார்ந்தார். காற்று ஆப்பில் போட்டபடியே முகத்தில் அடித்தது. அறிவுச்செல்வனோடு வேலை பார்த்த பிரசாத் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து டீ வாங்கிக்கொடுத்தான். பிறகு பக்கத்திலேயே ஒரு சின்னப் பெண்ணைப் பலகையோடு நிற்கவைத்து, குனிந்து அவள் கணுக்காலில் எதையோ சுற்றினான். கறுப்புப் பட்டை. அதிலிருந்து ஒரு ரப்பர் கயிறு பலகையின் வாலுக்குப் போனது.

டீ டம்ளர் சகாதேவன் கையில் அப்படியே நின்றது.

“தம்பி, அது இன்னா?”

“லீஷ்ப்பா. கீழ விழுந்தா பலகை ஓடிடாம இருக்கக் கால்ல கட்டறது.”

“அவனும் கட்டுவானா?”

“அறிவா? கட்டாம எறங்கவே மாட்டானேப்பா. பலகையில பாதி கயிறு அறுந்து தொங்குச்சே, நீங்ககூடப் பாத்தீங்களே. மீதி அவன் கால்லதான் இருந்திருக்கும்.”

சகாதேவன் டம்ளரை மணலில் வைத்தார். மேளம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. இன்னொன்று கேட்டார். கேட்கும்போதே பதில் என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஐப்பசியில காத்து தெக்கேருந்து அடிச்சுதுல்ல. அப்ப உள்ள போன ஆள் எந்தப் பக்கம் போவான்?”

பிரசாத் கையைத் தெற்கே நீட்டினான். “தெக்கதாம்ப்பா. காத்து மேல மெதக்கறதத்தான் தள்ளும். பலகைய இங்கயே தள்ளிடுச்சு. ஆள தண்ணிதான் இழுக்கும். அந்த மாசத்துல தண்ணி தெக்க ஓடும், காத்து எப்படி அடிச்சாலும். அதனாலதான் தெக்க இருக்கற ஸ்டேஷனுக்கெல்லாம் உங்க நம்பரக் குடுத்துவெச்சோம். ஒரு எடத்துலேருந்தும் போன் வரலையேப்பா.”

சகாதேவன் அந்தக் குப்பத்தின் பெயரைச் சொன்னார். அது அவருக்கு மறக்கவே இல்லை. பிரசாத் அங்கே இங்கே விசாரித்து ஸ்டேஷன் நம்பரை வாங்கி, போனைப் போட்டு அவர் கையில் கொடுத்தான். எடுத்தவர் அதே ஏட்டுத்தான். கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“கால்ல பட்டை கட்டின பாடிதானே? கொஞ்ச நாள் ஐஸ்ல வெச்சிருந்து பாத்தோம், யாரும் வரல. அடக்கம் பண்ணிட்டோங்க. எடம் இருக்கு, காட்டறோம். எழுதிக் குடுத்தீங்கன்னா டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு ஏற்பாடு பண்ணலாம்.” பிறகு கேட்டார். “ஏங்க, காத்து எதிர அடிக்குது, எம்புள்ள இல்லைன்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமாங்க” என்றார் சகாதேவன். “நான்தான்.”

பிரசாத் பக்கத்தில் நின்று அழுதான். சகாதேவனுக்குக் கண்ணீர் வரவில்லை. எதிரில் கடல் நுரையைக் கொண்டுவந்து கொட்டியது, சாமிகள் ஒவ்வொன்றாக முழுகி எழுந்து திரும்பின. எங்கேயோ முன்பின் தெரியாதவர்கள் குழி வெட்டி, ஒரு கை வாய்க்கரிசி போட ஆளில்லாமல், அநாதை என்று பெயர் வைத்து அவர் பிள்ளையை மூடியிருக்கிறார்கள். பெற்றவன் உயிரோடு இருக்கும்போது. பெற்றவனைக் கூப்பிட்டு, அவன் வரமாட்டேன் என்று சொன்ன பிறகு.

பையிலிருந்த போன் அடித்தது. வள்ளி. இந்தக் காற்றையும் ஆப்பையும் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இன்றைக்குக் குரலில் ஒரு அவசரம் இருந்தது.

“காத்து நீங்க சொன்ன மாதிரியே அடிக்குதாங்க?”

“அடிக்குது.”

“அண்ணன் காலையிலேருந்து தர்ப்பைய வெச்சிக்கினு நிக்குது. நான் விடல. அவரு சொன்னா வருவான், எந்த ஏரியிலயும் அவரு சொல்லித் தப்பினதில்லைன்னு சொல்லிட்டேன். வருவான் இல்லங்க?”

சகாதேவன் பையிலிருந்த புது வேட்டியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே நழுவியது.

“வந்துட்டாண்டி” என்றார். “ஐப்பசியிலயே வந்துட்டான். கூப்பிட்டாங்க. நான்தான் போவல.”